ஊர்க் குழாய் நீர்: தொட்டியில் உள்ள சுத்தம் குடத்தில் இருக்கிறதா?

புதுக் கிணறு வெட்டினாலும், ஆழ்துளைக் கிணறு போட்டாலும், அந்த நீர் பயிருக்கு ஆகுமா என்று அறிய ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பும் வழக்கம் விவசாயிகளிடையே பரவியிருக்கிறது. உப்பு மிகுந்த நீரைத் தென்னை தாங்கும், அவரை தாங்காது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் வீட்டில் குழந்தைகள் குடிக்கும் நீரைப் பரிசோதனைக்கு அனுப்பியவர் ஊருக்கு ஒருவர் இருந்தால் அதிகம். தெளிவாக இருக்கிறது, கரிக்கவில்லை, பருப்பு வேகிறது என்றால் நல்ல தண்ணீர் என்று முடிவாகிவிடுகிறது.

இந்த மூன்றும் நீரில் கலங்கலும் உப்பும் கடினத் தன்மையும் எவ்வளவு என்பதைத்தான் காட்டும். நோய்க் கிருமியைக் காட்டா. ஒரு குடம் நீரில் கோடிக்கணக்கான கிருமிகள் இருந்தாலும் அந்த நீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். முன்னாளில் தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரசிக் கலங்கல் நீரைத் தெளிய வைத்தார்கள். அது நல்ல வழக்கமே. ஆயினும் தெளிந்த நீரில் கிருமிகள் ஒரு பகுதி எஞ்சியே இருக்கும். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை, காலரா ஆகியவை பரவுவதற்குக் கலங்கல் நீர் தேவையில்லை.

இப்போது பெரும்பாலான கிராமங்களில் குழாய் வந்துவிட்டது. 2019-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீதம் வீட்டுக்குள்ளேயே குழாயில் நீர் தருவதை நோக்கமாகக் கொண்டது. குடத்தை இடுப்பில் வைத்து நடந்த தூரம் குறைந்தது பெரிய நன்மை. ஆனால் குழாய் பதித்த வேகத்தில், அது எதன் வழியாகப் போகிறது என்பதைப் பல ஊர்களில் யாரும் பார்க்கவில்லை. தொட்டியில் நல்லதாக இருக்கும் நீர் தெருக்கோடி வீட்டின் குடத்தில் விழும்போது கெட்டிருக்கக் காரணம் பெரும்பாலும் இடையிலுள்ள இந்த வழிதான்.

நீர் கெடும் இடங்கள்

30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி உள்ள ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்ளலாம். ஊருக்கு வெளியே ஓர் ஆழ்துளைக் கிணறு. அங்கிருந்து மோட்டார் மூலம் தொட்டிக்கு நீர் ஏறுகிறது. சில ஊர்களில் இதே தொட்டியில் கூட்டுக் குடிநீர்த் திட்டத்து ஆற்று நீரும் வந்து கலக்கிறது. தொட்டியிலிருந்து காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் தெருக்களுக்குத் திறந்துவிடப்படுகிறது. மற்ற நேரங்களில் குழாய்கள் காலி.

ஆழ்துளைக் கிணற்று நீர் பாறை இடுக்கிலிருந்து வருவதால் பொதுவாகக் கிருமி குறைவு. ஆனால் கிணற்றைச் சுற்றிச் சிமெண்டு மேடை வெடித்திருந்தாலும், குழாயின் வாய் தரைமட்டத்தில் இருந்தாலும், மழைநீர் சாணத்தையும் சாக்கடையையும் அடித்துக்கொண்டு அதன் ஓரமாகவே கீழே இறங்கிவிடும். கழிப்பறைக் குழி, எருக்குழி, மாட்டுத் தொழுவம் ஆகியவை குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளியிருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. பாறை வெடிப்புகள் நிறைந்த பூமியில் இதுவும் போதாது. மண்ணில் வடிகட்டப்படாமல் வெடிப்பு வழியே கழிவு நீர் நேராக ஓடிவிடும். அத்தகைய இடங்களில் இன்னும் தள்ளி, கிணற்றுக்குத் தாழ்வான பக்கத்தில் அமைப்பதே நலம்.

அடுத்தது தொட்டி. இதைக் கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேல் மூடி சரியாக மூடுகிறதா, காற்றுப் போக்கியிலும் வழிநீர்க் குழாயிலும் கம்பி வலை இருக்கிறதா, ஏணிக்குப் பூட்டு உண்டா என்று பார்க்க வேண்டும். வலை கிழிந்த தொட்டியில் புறாவும் பல்லியும் விழும். பல ஊர்களில் தொட்டியைச் சுத்தம் செய்த தேதியும் அடுத்துச் செய்ய வேண்டிய தேதியும் தூணில் எழுதப்பட்டிருக்கும். பெயிண்ட் புதிதாக இருந்து தேதி பழையதாக இருக்கிறதா என்று கவனிப்பது குடிப்பவர்கள் பொறுப்பு. தொட்டி கழுவிய நீரை அடியிலுள்ள கழிவு வால்வு வழியாக வெளியேற்ற வேண்டுமே தவிர, தெருக்குழாயில் திறந்துவிடக் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் மீதியிருப்பது தெரு. நீர் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

காலிக் குழாய் உறிஞ்சும்

சொட்டு நீர்ப் பாசனம் வைத்திருப்பவர்கள் வெஞ்சூரி என்ற கருவியை அறிவார்கள். குழாயில் நீர் ஓடும்போது ஓரிடத்தில் அழுத்தம் குறைந்து, வாளியில் கரைத்து வைத்த யூரியாவைச் சிறு குழாய் தானாகவே உறிஞ்சிக்கொள்கிறது. தெருக்குழாயிலும் இதுபோன்ற உறிஞ்சல் நடக்கிறது. ஆனால் யாரும் அதைத் திட்டமிட்டு வைப்பதில்லை.

தொட்டியின் வால்வை மூடியதும் குழாயில் உள்ள நீர் தாழ்வான தெருவை நோக்கி வடிகிறது. மேட்டுத் தெருக் குழாய்களில் வெற்றிடம் ஏற்படுகிறது. அந்த நேரத்தில் குழாயில் ஊசித்துளை அளவு வெடிப்பு இருந்தாலும், வெளியில் இருப்பது உள்ளே இழுக்கப்படும். வெளியில் நல்ல மண் இருந்தால் மண் நீர் வரும். சாக்கடை இருந்தால் சாக்கடை நீர் வரும். வீட்டு இணைப்புக் குழாய்கள் பல ஊர்களில் சாக்கடையின் நடுவேதான் குறுக்காகப் போகின்றன. மாட்டு வண்டியும் டிராக்டரும் ஏறி இறங்கும் இடத்தில் பி.வி.சி. குழாய் இணைப்பு விட்டுப்போக அதிக நாள் ஆகாது. நீர் திறந்திருக்கும்போது அந்த இடத்தில் குமிழி விட்டுக்கொண்டு நீர் வெளியேறும். தண்ணீர் வீணாகிறதே என்று மட்டும் பார்ப்பார்கள். மூடிய பிறகு அதே துளை வழியாக உள்ளே போவதை யாரும் பார்க்க முடியாது.

நீர் சரியாக ஏறவில்லை என்று சிலர் வாசலில் இரண்டடி பள்ளம் தோண்டிக் குழாயின் வாயைத் தாழ்த்தி வைத்துக்கொள்கிறார்கள். குழிக்குழாய் என்று இதைச் சொல்வதுண்டு. மழை பெய்தால் பள்ளம் நிறையும். குழாயின் வாய் அதில் முழுகும். திருகு இல்லாத குழாயாக இருந்தால் அந்தக் குட்டை முழுவதும் குழாய்க்குள் திரும்பிப் போய், மறுநாள் காலை கீழ்த்தெரு வீடுகளின் குடத்தில் இறங்கும். ஒரு வீட்டுப் பள்ளம் பத்து வீட்டுக்குப் பகை.

வீட்டு இணைப்பில் நேராக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவதும் இத்தகையதே. பக்கத்து வீட்டுக்கு நீர் வராமல் போகிறது என்பதுதான் வழக்கமான சண்டை. ஆனால் மோட்டாரின் உறிஞ்சலால், நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாயில் அழுத்தம் குறைந்து, சாக்கடைக்குள் கிடக்கும் விரிசல்கள் வழியாகக் கழிவு உள்ளே வருகிறது. அது முதலில் வந்து சேருவது மோட்டார் வைத்தவர் வீட்டுக்கே.

மருந்து டிரம்மில் முழுகிய ரப்பர் குழாய்

விவசாயிகள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஓர் ஆபத்து உண்டு. பூச்சிமருந்து அடிக்கும் நாளில், வீட்டுக் குழாயிலோ தெருக்குழாயிலோ ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையை 200 லிட்டர் டிரம்முக்குள் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பார்கள். டிரம்மில் மருந்து முன்பே ஊற்றியிருக்கும். நீர் நிறைந்து ரப்பர் குழாயின் முனை மருந்துக் கரைசலுக்குள் முழுகியிருக்கும் நேரத்தில், தொட்டியின் வால்வை மூடிவிட்டால் என்ன ஆகும்? ஓர் இறைப்பான் குழாயைப் போல, டிரம்மில் உள்ள கரைசல் ஊர்க் குழாய்க்குள் திரும்பி ஓடும். பத்து லிட்டர் போனாலும் போதும். அடுத்த முறை திறக்கும்போது அது யார் வீட்டில் இறங்கும் என்று சொல்ல முடியாது. பூச்சிமருந்தைப் பிளீச்சிங் பவுடர் போக்கிவிடும் என்று நம்பியிருக்கவும் முடியாது. கொதிக்க வைத்தாலும் அந்த நீர் குடிக்க ஆகாது.

இதைத் தடுக்கச் செலவு ஏதுமில்லை. ரப்பர் குழாயின் முனை டிரம்மின் விளிம்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருக்கும்படி ஒரு கவட்டைக் கழியில் கட்டிவிட வேண்டும். நீர் மேலிருந்து விழட்டும். கரைசலை அது தொடக் கூடாது. இதனினும் மேலானது, குடிநீர்க் குழாயை மருந்து வேலைக்குப் பயன்படுத்தாமல், முதலில் வெறும் டிரம்மை நிரப்பிக்கொண்டு, வயலில் கொண்டுபோய் மருந்து கலப்பது. தெளிப்பானைத் தெருக்குழாயடியில் வைத்துக் கழுவுவதையும் விட வேண்டும். மாட்டுத் தொட்டிக்குள் குழாயை முழுக விட்டுச் செல்வதும் இதே கணக்கில் சேரும்.

பிளீச்சிங் பவுடரும் அதன் கணக்கும்

தெருவில் இத்தனை இடங்களில் நீர் கெடக்கூடும் என்பதால்தான் குளோரின் சேர்க்கப்படுகிறது. தொட்டியில் உள்ள கிருமியைக் கொல்வதோடு அதன் வேலை முடிவதில்லை. கொன்றது போக ஒரு சிறு அளவு நீரிலேயே தங்கி, குழாயில் புகும் கிருமியையும் எதிர்கொள்ள வேண்டும். இந்த மீதிக் குளோரின், கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லி கிராமாவது இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் கூறுகிறது. தொட்டியடியில் எவ்வளவு இருந்தாலும், கடைசிக் குழாயில் ஒன்றும் இல்லையென்றால் அந்த ஊர் நீருக்குக் காவல் இல்லை என்று பொருள்.

பிளீச்சிங் பவுடர் நல்ல நிலையில் 100 கிராமில் 25 முதல் 35 கிராம் வரை குளோரின் தரும். 25 கிராம் என்று வைத்துக்கொண்டால், 1,000 லிட்டர் நீருக்கு 4 கிராம் பவுடர் போட்டால் லிட்டருக்கு 1 மில்லி கிராம் குளோரின் கிடைக்கும். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். நீரில் அழுக்கும் கரிமப் பொருளும் இருந்தால் அவையும் குளோரினைத் தின்னும். ஆகவே மழைக்காலத்தில் இரு மடங்கு, அதாவது 240 கிராம்கூடத் தேவைப்படலாம். சரியான அளவு எது என்பதைக் கடைசிக் குழாயில் சோதித்துத்தான் சொல்ல முடியும். எல்லா நாளும் ஒரே கை அளவாக அள்ளிப் போடுவது கணக்கில் சேராது.

போடும் முறையில்தான் பல ஊர்களில் தவறு நடக்கிறது. பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டினால் சுண்ணாம்பு அடியில் படிந்துவிடும். முதல் தெருவுக்கு மருந்து வாடை மூக்கைத் துளைக்கும், கடைசித் தெருவுக்கு ஒன்றுமே போகாது. அளந்த பவுடரை ஒரு பிளாஸ்டிக் வாளியில் சிறிது நீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விட வேண்டும். மேலே தெளிந்த நீரை மட்டும், மோட்டார் ஓடித் தொட்டி நிறைந்துகொண்டிருக்கும்போது ஊற்ற வேண்டும். அப்போது அது எங்கும் சீராகக் கலக்கும். அடியில் தங்கிய சுண்ணாம்பை வெளியே கொட்டிவிடலாம். கலந்த பின் அரை மணி நேரம் கழித்தே தெருவுக்குத் திறக்க வேண்டும். கிருமி சாவதற்கு அந்த அவகாசம் வேண்டும்.

பவுடரை வைத்திருக்கும் இடமும் முக்கியம். மூட்டை வாய் திறந்து கிடந்தால் ஈரத்தாலும் வெயிலாலும் குளோரின் பறந்துவிடும். மீதியிருப்பது வெறும் சுண்ணாம்பு. வெள்ளையாக இருக்கும், ஓரளவு வாடையும் இருக்கும், வேலை செய்யாது. இறுக மூடிய பிளாஸ்டிக் டப்பாவில், நிழலான உலர்ந்த இடத்தில் வைத்து, புதுச் சரக்காகச் சிறிது சிறிதாக வாங்குவதே சிறந்தது. யூரியா, அம்மோனியம் சல்பேட், பூச்சிமருந்து ஆகியவற்றின் பக்கத்தில் இதை வைக்கவே கூடாது. உரத்தோடு கலந்தால் நச்சு வாயு உண்டாகும், வெடிக்கவும் கூடும்.

மருந்து வாடை வருகிறது என்று ஊரார் சண்டை பிடித்து, தொட்டி ஆபரேட்டர் பவுடர் போடுவதையே நிறுத்திவிட்ட ஊர்கள் உண்டு. இது அவர் மீது மட்டும் போடக்கூடிய குற்றம் அன்று. குறைந்த சம்பளத்தில், இரண்டு வேளையும் வால்வு திறந்து மூடி, ஊரார் பேச்சையும் கேட்டுக்கொள்பவரிடம், போடாதே என்று பத்துப் பேர் சொன்னால் அவர் போடமாட்டார். லேசான வாடை இருப்பது நல்ல அறிகுறி. வாடை பிடிக்காதவர்கள் நீரைப் பிடித்து, மெல்லிய துணியால் வேடு கட்டிச் சில மணி நேரம் வைத்திருந்தால் அது தானே போய்விடும்.

மீதிக் குளோரினைச் சோதிக்கும் சிறு பெட்டி ஊராட்சிகளில் இருக்கும். குழாய் நீரைச் சிறு குப்பியில் பிடித்து டி.பி.டி. மாத்திரையோ பொடியோ போட்டால், குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். பழைய பெட்டிகளில் ஆர்த்தோ டொலிடின் என்ற திரவம் இருந்தது. அதில் மஞ்சள் நிறம் வரும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு அளவை அறியலாம். ஒரு நிமிட வேலை. இதைத் தொட்டியடியில் செய்து நோட்டில் எழுதுவதால் பயன் குறைவு. தெருவின் கடைசி வீட்டில் செய்ய வேண்டும்.

பிளீச்சிங் பவுடர் தீர்க்காத கோளாறுகள்

நீரில் கரைந்திருக்கும் உப்புகளைக் குளோரின் ஒன்றும் செய்யாது. கொதிக்க வைத்தாலும் போகா. நீர் வற்றுவதால் அவற்றின் செறிவு கூடவே செய்யும். அவற்றுள் இரண்டு முக்கியமானவை.

ஒன்று நைட்ரேட். இது பெரும்பாலும் விவசாயியின் வயலிலிருந்தும் தொழுவத்திலிருந்தும் கழிப்பறைக் குழியிலிருந்தும் வருகிறது. யூரியா மண்ணில் விழுந்த சில நாட்களிலேயே அம்மோனியமாகி, பின் நைட்ரேட்டாக மாறுகிறது. அம்மோனியத்தைக் களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும், நைட்ரேட்டைப் பிடிக்காது. பயிர் எடுத்தது போக மீதி, பாய்ச்சும் நீரோடு கீழே இறங்கி நிலத்தடி நீரைச் சேர்கிறது. குடிநீரில் இது லிட்டருக்கு 45 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பெரியவர்களுக்கு உடனே தீங்கு தெரியாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த நீரில் பால் மாவு கரைத்துக் கொடுத்தால், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 1945-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர், இப்படி நீலம் பாரித்த குழந்தைகளின் வீட்டு நீரைச் சோதித்து, பண்ணைக் கிணறுகளின் நைட்ரேட்டே காரணம் என்று எழுதினார். கிணறுகள் ஆழமில்லாதவை, பக்கத்தில் மாட்டுத் தொழுவம். நம் ஊர்க் காட்சிக்கும் அதற்கும் வேறுபாடு அதிகமில்லை. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து இல்லை.

ஊர்க் குடிநீர்க் கிணற்றை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் தழைச்சத்தை ஒரே தவணையில் கொட்டாமல் மூன்று நான்கு தவணையாகப் பிரித்திட வேண்டும். உரமிட்ட மறுநாளே நீரை நிறையக் கட்டுவதும், கனமழைக்கு முன் உரமிடுவதும் கூடாது. இதனால் ஊர் நீரும் பிழைக்கும், உரச் செலவும் மிச்சமாகும்.

மற்றொன்று புளோரைடு. இது மனிதர் சேர்த்ததன்று, பாறையிலிருந்து வருவது. நெல்லூர் மாவட்டத்தில், அது சென்னை மாகாணத்தில் சேர்ந்திருந்த காலத்தில், 1937-ல் ஷார்ட் முதலியோர் இந்நோயை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் இது நெடுங்காலத் துன்பம். அளவு 1.5 மில்லி கிராமைத் தாண்டினால் சிறுவர் பற்களில் வெள்ளைப் புள்ளியும் பழுப்புக் கோடும் விழும். மிகவும் கூடினால் ஆண்டுக் கணக்கில் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகும் வளைந்து நிமிர முடியாமல் போகும். மருந்து கிடையாது. நீரை மாற்றுவதே வழி. இதற்காகவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. அத்தகைய ஊர்களில் ஆற்று நீர் வராத நாளில் பழைய ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொட்டியில் ஏற்றிவிடும் வழக்கம் இருந்தால், அந்தக் கிணற்றின் புளோரைடு அளவைக் கேட்டறிய வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் ஆற்று நீர் அல்லது சேமித்த மழைநீர், துவைக்கக் கிணற்று நீர் என்று பிரித்துக்கொள்ளலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நீர்ச் சுத்திகரிப்புக் கருவி விற்க வருபவர்களில் சிலர், வீட்டுக் குழாய் நீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சிக் காட்டுவார்கள். நீர் பழுப்பாகி நுரைத்து அழுக்குத் திரளும். தாங்கள் கொண்டுவந்த நீரில் அவ்வாறு ஆகாது. வீட்டார் பயந்துவிடுவார்கள். உண்மையில் அந்த அழுக்கு நீரிலிருந்து வந்ததன்று. கம்பியின் இரும்பு கரைந்து வந்தது. உப்புள்ள நீரில் மின்சாரம் ஓடும், உப்பு நீக்கிய நீரில் ஓடாது, அவ்வளவே. கையடக்க டி.டி.எஸ். மீட்டரும் உப்பின் மொத்த அளவைத்தான் சொல்லும். கிருமியையோ நைட்ரேட்டையோ தனியாகக் காட்டாது. புளோரைடோ உப்போ மிகுந்த ஊரில் ஆர்.ஓ. கருவிக்குத் தேவை உண்டு. கிருமிதான் கோளாறு என்றால், அந்தப் பணத்துக்கு முன் பிளீச்சிங் பவுடரையும் விறகடுப்பையும் நினைக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

குழாயில் நீர் வந்ததும் முதலில் வருவதைக் குடத்தில் பிடிக்காமல் வாழைக்கோ முருங்கைக்கோ விட்டுவிட வேண்டும். காலியாகக் கிடந்த குழாய் உறிஞ்சியதெல்லாம் முதலில் வருகிறது. கலங்கலும் நாற்றமும் நின்ற பிறகு இன்னும் சில நிமிடம் விட்டுப் பிடிப்பது நல்லது. குடத்தை மூடி வைத்து, நீண்ட கைப்பிடி உள்ள அகப்பையால் மொள்ள வேண்டும். சொம்பைக் கையோடு முக்கி எடுப்பதால் நல்ல நீரும் கெடும். தரைத்தொட்டி கட்டியவர்கள் அதன் வாயைத் தரைக்கு மேல் ஒரு முழமாவது உயர்த்தாவிட்டால், முற்றத்து மாட்டு மூத்திரம் மழையோடு சேர்ந்து அதற்குள் இறங்கும்.

முதல் மழை விழுந்து இரண்டு மூன்று வாரம் வரையிலும், தெருவில் குழாய் உடைந்து ஒட்டிய பிறகும் நீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் கடந்தால் போதும். கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆற விட வேண்டும். வேறு குடத்தில் மாற்றினால் அந்தக் குடத்தின் கிருமி சேரும்.

ஒரே தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் ஒரே சமயம் வயிற்றுப்போக்கு கண்டால், அது சாப்பாட்டுக் கோளாறு என்று விடக் கூடாது. அன்றே கிராம சுகாதார செவிலியருக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சொல்லி, அந்தத் தெருக் குழாயைச் சோதிக்கச் செய்ய வேண்டும். நோயாளிக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கொடுக்கத் தொடங்கலாம். பாக்கெட் இல்லையானால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் சிறு தேக்கரண்டியால் தலை தட்டிய ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் போதும். மஞ்சள் காமாலை வேறு மாதிரி. கிருமி வயிற்றில் போய்ப் பல வாரம் கழித்தே கண் மஞ்சளாகிறது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்ததோடு நின்றுவிட்டால், ஒரு மாதத்துக்கு முன் உடைந்த குழாய் இன்னும் சாக்கடைக்குள்ளேயே கிடக்கும்.

பரிசோதனை செய்யும் முறை

மலக் கழிவு கலந்திருக்கிறதா என்பதை ஊரிலேயே அறிய ஹைட்ரஜன் சல்பைடு குப்பி என்ற எளிய கருவி உண்டு. குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மஞ்சாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1982-ல் இம்முறையை வெளியிட்டார்கள். குப்பியில் குறித்த கோடு வரை நீரை ஊற்றி மூடி, வீட்டின் இளஞ்சூடான இடத்தில் ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை வைக்க வேண்டும். நீர் கறுத்தால் குடிக்க ஆகாது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குக் கள ஆய்வுப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. ஊரில் அந்த ஐவர் யார், பெட்டி யாரிடம் இருக்கிறது, அதில் மருந்து காலாவதியாகாமல் இருக்கிறதா என்று ஊராட்சிச் செயலரிடம் கேட்கலாம்.

முழுச் சோதனைக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். உப்புகளைச் சோதிக்க இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேனை அதே நீரில் மூன்று முறை அலசிவிட்டு நிரப்பினால் போதும். எண்ணெய்க் கேனோ மருந்துக் கேனோ கூடாது. கிருமிச் சோதனைக்கு ஆய்வுக்கூடமே தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். மூடியின் உட்புறத்தை விரலால் தொடாமல் நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, அன்றே சேர்ப்பது நல்லது. 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. எந்தக் குழாய், எந்தத் தேதி, எத்தனை மணி என்று சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். உப்புச் சோதனை ஆண்டுக்கு ஒரு முறை போதும். கிருமிச் சோதனை மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று.

குடிநீர் வழங்குவது ஊராட்சியின் கடமை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கிராம சபை கூட்ட 2022-ல் தமிழக அரசு ஏற்பாடு செய்தது. அங்கே குடிநீர் பற்றிப் பேச்சு வரும்போது, எத்தனை வீட்டுக்கு இணைப்பு என்ற கணக்கோடு, கடைசியாக நீரைச் சோதித்த தேதி, கடைசி வீட்டில் மீதிக் குளோரின் அளவு, சாக்கடைக்குள் போகும் குழாய்கள் எத்தனை என்ற மூன்றையும் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம். சாக்கடையைக் கடக்கும் இடத்தில் குழாயைச் சாக்கடைக்கு மேலாகத் தூக்கி இரும்புக் குழாய் உறையில் செலுத்துவது ஒரு கொத்தனாரும் ஒரு பிளம்பரும் அரை நாளில் முடிக்கும் வேலை. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், அதாவது புரட்டாசிக்குள், அதை முடித்துக்கொள்ள வேண்டும்.